கேட்காமல் வைத்த கையெழுத்து

எங்கள் சபைக் கட்டடம் நிற்கிற காணி சபையின் பெயரில் இல்லை. கட்டி முடித்துப் பத்து வருடம் கழிந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிய வந்தது என்று எழுதினால் அது பொய். முதல் நாளே தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போகிற ஒரு குடியேற்றக் கிராமம் எங்களுடையது. 2011இல் மீளக்குடியமர்ந்த கையோடு, சபையின் மூத்த விசுவாசி ஒருவர் தன் மேட்டுக்காணியில் ஒரு மூலையைக் காட்டி, "இதில கட்டுங்கோ, நான் இருக்குமட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார். அவர் இருக்கும் வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லைதான். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, பேமிட் என்று நாங்கள் சொல்கிற அனுமதிப்பத்திரம் மகனுடைய பெயருக்கு மாறியது. மகன் சபைக்கு வருவதில்லை. அவர் வந்து மரியாதையாகத்தான் கேட்டார், "இது ஆரின்ர காணி எண்டு நினைச்சுக் கட்டினனீங்கள்?"

அரச காணி. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைப் படித்தால்தான் இது தெரியும் என்றில்லை, வன்னியில் குடியேற்றக் காணியில் ஒரு போகம் செய்தவனுக்குக்கூடத் தெரியும். அப்போது சபையில் நாங்கள் நான்கு மூப்பர், சபையைப் பார்க்கப் பொறுப்பு வைக்கப்பட்டவர்கள். நான்கு பேரும் கமக்காரர். கட்டட வேலை தொடங்குமுன் அப்போதைய பாஸ்டர் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார், உதவி செய்யப்போகிற வெளிநாட்டுச் சகோதரர்களுக்கு அனுப்புவதற்கு. "சபைக்குச் சொந்தமான காணியில்" என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பாஸ்டரை நான் இங்கே குற்றம் சொல்ல வரவில்லை. அவர் காசை எடுக்கவில்லை, கட்டடம் கட்ட அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களில் ஊழியத்துக்கென்று வேறு இடம் போய்விட்டார். மிஞ்சினது நாங்களும் கட்டடமும் அந்தக் கேள்வியும். என்னுடைய பிழையைத்தான் நான் எழுத வேண்டும். மூப்பர் என்றால் பாஸ்டருக்குத் தோள் கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன், அது சரிதான். ஆனால் தோள் கொடுப்பதென்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்றும் சேர்த்து நினைத்திருந்தேன். அந்த இரண்டாவது நினைப்பை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை, எங்கள் சபைகளின் காற்றிலேயே அது இருக்கிறது.

இந்த நான்கைந்து வருடமாக மூப்பர் பற்றி வேதாகமத்தில் இருக்கிற எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். முதலில் கண்ணில் படுவது, அது எப்போதும் பன்மை. பவுல் மிலேத்துவிலிருந்து ஆளனுப்பிக் கூப்பிட்டது எபேசு சபையின் மூப்பரை, ஒரு மூப்பனை அல்ல. கிரேத்தா தீவில் தீத்துவை விட்டுவந்தது பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்த. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு எழுதுகிறார். மிலேத்துவில் அதே ஆட்களைப் பார்த்துத்தான் பவுல், உங்களைக் கண்காணிகளாக வைத்தது பரிசுத்த ஆவி, சபையை மேய்க்க வைத்தார் என்கிறார். மூப்பர், கண்காணி, மேய்ப்பு மூன்றும் ஒரே கூட்டத்தின் மேல் வந்து விழுகிறது. நாங்கள் மேய்ப்பைப் பாஸ்டருக்குக் கொடுத்துவிட்டோம், கண்காணிப்பை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, மூப்பர் என்ற பெயரையும் முன்வரிசைக் கதிரையையும் மட்டும் எங்களுக்கு வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. தீமோத்தேயு வயதில் இளையவர், போதிக்கிறவர், இன்றைய பேச்சில் சொன்னால் அவர்தான் பாஸ்டர். அவருக்கு எழுதும்போது, மூப்பராகிய சங்கத்தார் உன்மேல் கைகளை வைத்ததை நினைத்துக்கொள் என்று பவுல் சொல்கிறார். அதாவது அவருடைய தலையில் அந்த மூப்பருடைய கைகள் இருந்தன. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த பல சபைகளில் இது தலைகீழ். பாஸ்டர் தனக்குப் பிடித்த நாலு பேரைக் கூப்பிட்டு, கை வைத்து, இன்றையிலிருந்து நீங்கள் மூப்பர் என்கிறார். அவர் வைத்த ஆளை அவர் எடுக்கவும் முடியும். அப்படி வந்தவன் எந்த வாயால் கணக்கைக் காட்டுங்கோ பாஸ்டர் என்று கேட்பான்?

கேட்டால் வருகிற பதிலும் எல்லோருக்கும் பழக்கமானது. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே. நான் இந்த வசனத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், அது ஒரு முள்ளுக்கம்பி வேலி மாதிரி பாஸ்டரைச் சுற்றி நிற்கும். ஒரு நாள் 105ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த வசனம் யாரைப் பற்றினது தெரியுமா? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. அவர்கள் தொகையில் கொஞ்சப் பேராகவும் பரதேசிகளாகவும் இருந்து, ஒரு சனத்தை விட்டு இன்னொரு சனத்திடமும் ஒரு ராச்சியத்தை விட்டு இன்னொரு ராச்சியத்துக்கும் அலைந்தபோது, அவர்களை ஒடுக்க ஒருவரையும் விடாமல் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்னது அது. இடம்பெயர்ந்து திரிந்த குடும்பங்களைத் தொடாதே என்று ஆயுதம் வைத்திருப்பவனுக்குச் சொன்ன வார்த்தை. அதை, இடம்பெயர்ந்து திரிந்து வந்த சனத்தின் வாயை அடைக்க நாங்கள் பாவித்திருக்கிறோம். அன்றைக்கு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு கனநேரம் இருந்தேன்.

இடம்பெயர்வு என்று எழுதியாயிற்று, ஆகவே அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் மூப்பர் என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்தது அந்த மாதங்களில்தான். 2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து சனம் கிளம்பியபோது, எங்கள் அந்நாளைய போதகர், சுகமில்லாத மனைவியை வவுனியாவுக்குக் கொண்டு போனவர், வழி மூடியதால் திரும்பி வர முடியாமல் போனார். சபையென்று இருந்தது இரண்டு மூப்பரும் ஐம்பது அறுபது சனமும். தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, பிறகு மாத்தளன். ஒவ்வொரு இடத்திலும் தறப்பாள் அடித்ததும் அந்த இரண்டு பேரும் செய்த முதல் வேலை யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போவது. அதில் ஒருவர் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர், சங்கீதங்கள் பாதிக்கு மேல் மனப்பாடம். மற்றவர் கொப்பி ஒன்றில் பெயர்களை எழுதி வைத்திருந்தார். பின்நேரம் ஷெல் கொஞ்சம் ஓய்ந்தால் பங்கர் பங்கராகப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள், ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அடுத்த பங்கர். பிரசங்கம் கிடையாது.

அடக்கம் செய்தார்கள். அதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று ஒருவரும் அன்று கேட்கவில்லை. மாத்தளனில் ஒரு ஞாயிறு அரிசிமா ரொட்டியைப் பிய்த்து, தேயிலைத் தண்ணீரில் இராப்போசனம் கொடுத்தார்கள். அது செல்லுமா என்று பிற்காலத்தில் ஒருவர் என்னிடம் வாதாடினார், நான் பதில் சொல்லவில்லை, அந்தத் துண்டை வாங்கின கை என்னுடையது. அந்த மூன்றாம் வகுப்பு ஐயா முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை. கொப்பி வைத்திருந்தவர் செட்டிகுளம் மெனிக் பாம் வரைக்கும் வந்தார். அங்கே எங்கள் சனம் கதிர்காமர் முகாம், ஆனந்தகுமாரசுவாமி முகாம், இராமநாதன் முகாம் என்று கம்பி வேலிகளுக்குள் பிரிந்து போனது, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக விடவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், தண்ணீர் எடுக்கிற இடத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஆட்களைப் பிடித்து, ஒவ்வொரு முகாமிலும் இரண்டு பேரிடம் பெயர்ப் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தார். "நீ இந்தப் பன்னிரண்டு பேரையும் பாக்கவேணும்." அவ்வளவுதான் சொல்வது. எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது, ஒன்பது பெயர். 2012 செப்டம்பரில் அந்த முகாம் முழுதாக மூடப்படும்போது எங்கள் சபை ஆட்களில் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமனான எத்திரோ மோசேக்குச் சொன்னதும் இதுதானே. நீ தனியே செய்தால் நீயும் களைத்துப்போவாய் சனமும் களைத்துப்போகும், ஆயிரத்துக்கு ஒருவர், நூற்றுக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் வை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை, இந்த மண்ணில் முன்பும் நடந்திருக்கிறது. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் மறைவாக வந்து சேரும் வரைக்கும் ஏறக்குறைய முப்பது வருடம் இந்தப் பக்கத்துச் சனத்துக்குக் குரு இல்லை. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் 1670 அளவில் மாதா சுருவத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மடு மாதா கோயிலின் வரலாறு சொல்கிறது, அவர்களோடும் குரு யாரும் போகவில்லை. வாஸ் அடிகள் வந்த பிறகும் அவர் ஒருவர்தானே, ஒரு ஊருக்கு எத்தனை தரம் போக முடியும்? ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் வைத்தார். எங்கள் பக்கம் அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர் என்றுதான் இப்போது பிள்ளைகள் நினைக்கும், அன்றைக்கு அவர்தான் செபம் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்து, குரு வரும் வரைக்கும் சபையை வைத்திருந்தவர். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றைக்கே மடுவுக்கு வந்தார். நானும் போய்ச் சனத்துக்குள் நின்றேன், அந்தப் பெயர் தெரியாத மூப்பர்களைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

இதில் மனதை உறுத்துகிற ஒரு விஷயமும் இருக்கிறது. துரத்தின ஒல்லாந்தருடைய சபையும் மூப்பர் சபைதான். அவர்கள் பின்பற்றின சீர்திருத்தவாதி கல்வின் 1541இல் ஜெனீவாவுக்கு எழுதின ஒழுங்கில் போதகர், உபதேசகர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பணிகள், மூப்பர் பன்னிரண்டு பேர், அந்தப் பன்னிரண்டு பேரும் நகரத்தை ஆண்ட அவைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். சனத்தின் ஒழுக்கத்தைப் பார்ப்பது, கூப்பிட்டு விசாரிப்பது அவர்களுடைய வேலை. ஆட்சியும் மூப்பும் ஒரே கையில் சேர்ந்தால் அது என்னவாகும் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூப்பர் வேண்டும் என்று அடித்துச் சொல்கிற நான் இதையும் சொல்ல வேண்டும், ஒரு பாஸ்டர் தனியே அதிகாரம் பண்ணுவதை எடுத்து நாலு பேர் சேர்ந்து அதிகாரம் பண்ணுவதாக மாற்றினால் சபைக்கு ஒரு நன்மையும் இல்லை. பேதுரு தன்னை உடன்மூப்பன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரியாக இருங்கள் என்கிறார்.

கேள்வி கேட்பது பகை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? எங்கள் வாழ்க்கையின் மற்றப் பக்கத்தில் அது இல்லையே. சிறுபோகத்துக்கு முன் இரணைமடுவுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும், குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் என்று எல்லாம் அங்கே. அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், என்றாலும் எங்கள் ஆக்கள் எழும்பிக் கேட்பார்கள், போன முறை கடைசி வாய்க்காலுக்கு ஏன் வரவில்லை, துருசை, அதுதான் குளத்து மதகை, யார் திறந்தது, யார் பூட்டினது. கேட்டுவிட்டு வெளியே வந்து அதே பொறியியலாளரோடு தேத்தண்ணீர் குடிப்பார்கள். தண்ணீருக்கு இவ்வளவு கேட்கத் தெரிந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டைப் போட்டதும் ஊமையாகிறோம்.

காணிப் பிரச்சினை வந்த பிறகு நாங்கள் செய்த முதல் வேலை கணக்கு. இப்போது காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, சனம் பார்த்திருக்க, இரண்டு பேர் எண்ணுகிறோம், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் மூன்று கையொப்பம், அதில் ஏதாவது இரண்டு இல்லாமல் காசு வராது. பாஸ்டருடைய கொடுப்பனவு எவ்வளவு என்று சபைக்குத் தெரியும். இதைக் கொண்டுவந்தபோது சில பேர் மனம் நொந்தார்கள், ஊழியக்காரரைச் சந்தேகப்படுகிறோமா என்று. இப்போதைய பாஸ்டர், வயதில் எனக்குத் தம்பி மாதிரி, அவரே எழும்பி 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசித்தார். எருசலேமுக்குச் சேர்த்த காசைப் பவுல் தனியே கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய வேண்டும் என்றார். "எனக்கு இது பாதுகாப்பு அண்ணை" என்று பிறகு பாஸ்டர் என்னிடம் சொன்னார். அவருடைய மனைவிதான் கூடச் சந்தோசப்பட்டது, மாதக் கடைசியில் காசில்லை என்று முதல் முறையாக அவரால் மூப்பரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. பாஸ்டர் குடும்பம் அந்த வருடங்களில் எப்படிச் சமாளித்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதே இல்லை. கண்காணிப்பு என்றதுக்குள் அதுவும் அடங்கும் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை.

யாரை மூப்பராக வைப்பது என்பதில்தான் இன்னும் தடக்குப்படுகிறோம். எங்கள் கிராமத்தில் பாதிப் பேர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பங்கள். சபையிலும் அதே கணக்குத்தான். ஆனால் அப்போது இருந்த நாங்கள் நான்கு மூப்பரும் யாழ்ப்பாணத்து வேர் உள்ள ஆட்கள். ஒருவரும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுதான் இதில் மோசமான பகுதி, திட்டமில்லாமலே அப்படி நடந்திருக்கிறது. ஒரு ஐயா, நாற்பது வருடமாகச் சபைக்கு வருகிறவர், ஒரு நாள் மெதுவாகக் கேட்டார், "தம்பி, எங்க ஆளுக யாருமே அந்தக் கூட்டத்துக்குத் தகுதியில்லையா?" அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். இப்போது இருக்கிற மூன்று மூப்பரில் ஒருவர் அவருடைய மகன்.

பெண்கள் விஷயத்தில் சபை இன்னும் ஒரு மனதுக்கு வரவில்லை. ஒரே மனைவியை உடைய புருஷன் என்று எழுதியிருக்கிறதே என்கிறார்கள், எழுதியிருக்கிறதுதான். நான் என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஞாயிறு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் பலர் போரில் கணவனைக் கொடுத்துவிட்டுத் தனியே பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களுடைய வீட்டுக்கு நாங்கள் ஆண்கள் இரண்டு பேர் போய் வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டு வருவதற்கும், எங்கள் சபையில் ஒரு அக்கா அடுப்படி வரைக்கும் போய் இருந்து கதைத்துவிட்டு வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நுண்கடன் காரர் யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறார்கள், யாருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எல்லாம் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். மூப்பருடைய வேலையை அவர் செய்துகொண்டிருக்கிறார், பெயரை நாங்கள் வைத்திருக்கிறோம். கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் என்ன மரியாதையோடு ரோமருக்கு அறிமுகப்படுத்துகிறார் என்று பாருங்கள். இப்போதைக்கு மூப்பர் கூட்டத்தில் அவர் கூட இருக்கிறார், பேசுகிறார், கையெழுத்து மட்டும் இல்லை. இதோடு நான் ஆறமாட்டேன்.

காணிக்கு வருகிறேன். போன மாதம் நாங்கள் மூன்று பேரும் அக்காவும் அந்த மகனுடைய வீட்டுக்குப் போனோம். பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவர் இந்த ஊருக்கு வருமுன் நடந்த பிழைக்கு அவர் ஏன் தலை குனிய வேண்டும். மகன் கதிரைகளை எடுத்து மாமரத்துக்குக் கீழே போட்டார். "அப்பா சொன்னவர் சரி, நீங்கள் ஏன் அண்டைக்கே ஏ.ஜி.ஏ. ஒபிசுக்குப் போகேல்ல?" என்று கேட்டார், பிரதேச செயலகத்தைத்தான் சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன். தெரிந்தும் கேட்காமல் கையெழுத்து வைத்தோம் தம்பி, அந்தக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது என்றேன். அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கட்டடம் நிற்கிற துண்டைச் சபைக்குப் பிரித்துக் கொடுக்கத் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தருவதாகச் சொன்னார், மிச்சம் பிரதேச செயலகத்தின் முடிவு, அதற்கு எத்தனை வருடம் பிடிக்கும் என்று எங்களுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது.

செயலகத்துக்குக் கொடுக்கிற விண்ணப்பக் கடிதத்தை இந்த ஞாயிறு ஆராதனை முடிய, சனம் எழும்பிப் போகுமுன், சபைக்கு முன்னால் சத்தமாக வாசித்தோம். இரண்டாவது பந்தியில் அக்கா கையைத் தூக்கினார். "சபைக்குச் சொந்தமான கட்டடம் அமைந்துள்ள சபைக் காணி எண்டு கிடக்கு. சபைக் காணி எண்டு எப்பிடி எழுதுவியள்?" எழுதினது நான்தான், பழக்கத்தில் வந்துவிட்டது. அதை வெட்டி, "சபை பாவித்து வருகிற காணி" என்று பேனையால் எழுதி, இன்னொரு தரம் முழுதாக வாசித்தோம். வேறு ஒருவருக்கும் கேள்வி இல்லையா என்று பாஸ்டர் கேட்டார். பின்னாலிருந்த ஒரு பொடியன் காணியின் அளவைக் கேட்டான், சொன்னோம். பிறகு மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம்.